தோட்டத்து ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலை வந்து விழுந்தால்: பணமும் நாளும் வீணாகாமல் முடிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறேன். பாதுகாப்பு விதிகள், சம்பள விளக்கம், குடியிருப்பு விதிகள், மருந்தடிக்கும் முறை, புகார் பாரம் என்று எல்லாவற்றையும் நாலைந்து மொழிகளில் வாங்கி ஒட்டும் பொறுப்பு என் தலையில் வந்து சேர்ந்தது. முன்னால் இதைச் செய்தவர் ஒரு குறிப்பும் வைத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் கேட்டால் அவர்களும் என்னைப் போலவே இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக இந்த வேலையில் மாட்டிக்கொண்ட கிராணிகள் (ஆபீஸ் எழுத்தர்கள்), மனிதவள அதிகாரிகள், டவுனில் சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் கூலியில் பணம் அதிகம் கரைவதில்லை. அவரிடம் கொடுப்பதற்கு முன்னால் நாம் செய்யாமல் விட்டதிலும், அவர் திருப்பிக் கொடுத்த பிறகு செய்யாமல் விட்டதிலும்தான் கரைகிறது.

1. எதை, எந்த மொழியில், யார் படிக்க: முதலில் பட்டியல்

ஓர் எக்செல் தாளைத் திறந்து ஆவணத்தின் பெயர், மூல மொழி, படிக்கப்போகிறவர் யார், கேட்பது யார் (சட்டமா, சான்றிதழ் அமைப்பா, நாமேவா), கடைசியாக மாற்றிய தேதி என்று பத்திகள் போட்டு நிரப்புங்கள். மொழிபெயர்க்க வேண்டும் என்று நினைத்ததில் பல இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

சட்டம் கேட்பதை முதலில் பிரித்து வையுங்கள். ஆபத்தான இரசாயனப் பொருள்களுக்கான 2013ஆம் ஆண்டு விதிகளின்படி லேபிளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் சரக்கை விற்பவர். மலாய்த் தாள் இல்லையென்றால் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் காசில் மொழிபெயர்க்காதீர்கள். பூச்சி மருந்து, களை மருந்து லேபிள்கள் 1974 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் தனியாக வரும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊழியர்களின் விவரங்களை ஏன் வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருந்தாக வேண்டும். ஒன்று மட்டும் வைத்திருக்கும் ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. அதை யாரும் படிக்க முடியாத மொழியில் ஒட்டி என்ன பயன்?

அடுத்து சான்றிதழ். செம்பனை எண்ணெய்க்குச் சான்றிதழ் தரும் ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பின் விதிகளில், சம்பளமும் வேலை நிபந்தனைகளும் அடங்கிய ஆவணங்கள் நாட்டு மொழியில் இருக்க வேண்டும், தொழிலாளருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும் என்று வருகிறது. "விளக்கப்பட வேண்டும்" என்பதைக் கவனியுங்கள். பெரிய கையேடு முழுவதையும் எல்லா மொழியிலும் அச்சடிக்கச் சொல்லவில்லை. காலையில் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும்போது) அந்தந்த மொழி பேசும் ஆளை வைத்து விளக்கி, தேதி, தலைப்பு, விளக்கியவர் பெயர், வந்தவர்களின் கையெழுத்து எல்லாம் எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம்தான். எழுத்தில் இருக்க வேண்டியது எது, வாய்ச்சொல்லில் போகக்கூடியது எது என்று தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்களுக்குப் பெரிய செலவு மிச்சமானது இந்த ஒரு கேள்வியால்.

டவுனில் முறுக்கு, ஊறுகாய் என்று செய்து விற்பவராக இருந்தால் 1985 உணவு விதிகளைப் பாருங்கள். இங்கே தயாராகும் பொருளின் லேபிளில் மலாய் கட்டாயம், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கடைப் பலகை அடிப்பதற்கு முன்னால் நகராண்மைக் கழகத்தில் மலாய் எழுத்தின் அளவு பற்றியும், மலாய் மொழியைக் கவனிக்கும் அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழி உறுதி பற்றியும் கேளுங்கள். பலகையை அடித்துவிட்டுக் கேட்பதில் அர்த்தமில்லை.

இனி, படிக்கப்போகிறவர் என்ற பத்தி. "நம்ம ஆளுங்கதானே, தமிழில் போட்டால் போதும்" என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களில் தேசியப் பள்ளிக்குப் போனவர்கள் தமிழை நன்றாகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் மலாய்த் தாளைக் கேட்பார்கள். மூத்தவர்கள் தமிழைப் படிப்பார்கள், பொடி எழுத்தாக இருந்தால் விட்டுவிடுவார்கள். இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு மலாய்த் தாளே போதும் என்பது இன்னொரு பொறி. "பெர்ச்சுமா" என்றால் இங்கே இலவசம், அங்கே வீண். கிளினிக் அறிவிப்பில் அந்தச் சொல் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2. மூலத்தை முடித்து, பூட்டி, அப்புறம் கொடுங்கள்

அதிகம் அடிபடும் இடம் இது. மூல ஆவணம் இன்னும் மேனேஜர் மேசையில் இருக்கும்போதே, நேரம் மிச்சமாகட்டும் என்று மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மேனேஜர் மூன்று வரியை மாற்றுவார். அந்த மூன்று வரியை ஐந்து மொழிகளில் மாற்ற ஐந்து பேருக்குக் கடிதம், ஐந்து குறைந்தபட்சக் கட்டணம். போதாக்குறைக்கு எந்தத் தாள் புதியது என்ற குழப்பம் வேறு.

எனவே:

- மூலத்தின் அடியில் பதிப்பு எண், தேதி, ஒப்புதல் கொடுத்தவரின் கையெழுத்து மூன்றும் வந்த பிறகே வெளியே அனுப்புங்கள். கையெழுத்து கேட்டால்தான் மேலதிகாரிகள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதையும் கண்டுகொண்டேன்.
- வேர்ட் கோப்பாகக் கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கொடுத்தால் அதைத் தட்டச்சு செய்யத் தனிக் கட்டணம் வரும், எண்களில் பிழையும் வரும்.
- படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தனியாக எடுத்து எழுதிக் கொடுங்கள். இதை மறந்தால் தமிழ்ச் சுவரொட்டியின் நடுவில் ஆங்கிலம் அப்படியே நிற்கும்.
- சுருக்கெழுத்துகளை விரித்து எழுதுங்கள். கம்பெனிக்குள் புழங்கும் மூன்றெழுத்துச் சொற்கள் வெளி ஆளுக்குத் தெரியாது.
- ஒரே பொருளுக்கு மூலத்திலேயே இரண்டு மூன்று பெயர் இருந்தால் ஒன்றாக்குங்கள்.

ஒப்பந்தம், குடியிருப்பு விதி போன்றவற்றில், "பிரதிகளுக்கிடையே வேறுபாடு இருந்தால் இந்த மொழிப் பிரதியே செல்லும்" என்ற வரியை எல்லா மொழியிலும் போடுங்கள். எந்த மொழி என்பதை ஆபீஸ் கிராணி முடிவு செய்யக்கூடாது. வக்கீலைக் கேளுங்கள்.

3. சொற்பட்டியல்: ஒரு நாள் வேலை, பல வருஷ லாபம்

நம் தோட்டத்தில் புழங்கும் சொற்களை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரட்டு, மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்), டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்), உதிரிப் பழம், குலை, தளை, நிரை, மருந்தடிக்கும் பம்பு, முகக்கவசம், ஓவர்டைம் என்று ஐம்பது அறுபது சொற்களைப் போட்டு, எதிரே மலாயும் ஆங்கிலமும் எழுதி, கூடவே ஒரு வரி விளக்கமும் கொடுத்தால் போதும். பதவிப் பெயர்களும் சம்பளச் சீட்டில் வரும் தலைப்புகளும் கட்டாயம் இருக்கட்டும். சீட்டில் ஒரு பெயர், விளக்கத் தாளில் வேறு பெயர் என்றால் தொழிலாளி ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

மண்டோர்களையும் டிரெசரையும் உட்கார வைத்து இந்தப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பழகிய சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கும். அகராதிச் சொல்லோ நம்மவர்களுக்குப் புதிது. முதல் தடவை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதி, பிறகு ஒன்றையே பிடித்துக்கொண்டு போங்கள்.

4. யாரிடம் கொடுப்பது

முதலில் ஒரு பிரிவினை. நீதிமன்றம், தூதரகம், பதிவு இலாகா போன்ற இடங்களுக்குப் போகும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் வகைக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவைப்படும். கோலாலம்பூரில் உள்ள ஐடிபிஎம் எனப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் அந்த வேலையைச் செய்கிறது. யாருடைய முத்திரையை ஏற்பீர்கள் என்று ஆவணத்தைப் பெறப்போகிற அலுவலகத்திடம் முதலில் கேட்டுவிட்டே கொடுங்கள். தோட்டத்து அறிவிப்புகளுக்கு முத்திரை தேவையில்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மற்ற வேலைகளுக்கு நிறுவனம் அல்லது தனி ஆள். பல மொழிகள் சேர்ந்து வந்தால் நிறுவனம் வசதி. தமிழும் மலாயும் மட்டும் என்றால் நல்ல தனி ஆள் போதும், அவரோடு நேரில் பேசவும் முடியும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: தமிழை யார் செய்வார், அவருக்குத் தமிழ் தாய்மொழியா, மலேசியத் தமிழ் தெரியுமா, இரண்டாம் ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவாரா? ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலை அந்த இரண்டாம் ஆளைக் கட்டாயம் என்கிறது. சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர்களிடமும் விலைப்பட்டியலில் அந்தத் திருத்தமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலையை ஒப்படைப்பதற்கு முன்னால் 200, 300 சொற்கள் உள்ள பகுதியைக் காசு கொடுத்தே செய்யச் சொல்லிப் பாருங்கள். மருந்தடிக்கும் பகுதியைக் கொடுங்கள், கம்பெனியின் வரவேற்புரையைக் கொடுக்காதீர்கள். வரவேற்புரையை யாரும் அழகாக எழுதிவிடுவார்கள்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மொழி சுத்தமாக இருக்கும், ஆனால் சில சமயம் பாடப் புத்தகம்போல வந்துவிடும். அவரைத் திருத்துபவராக வைத்துக்கொண்டால் நல்ல பலன் கிடைக்கும். ஆபீசில் தமிழ் தெரிந்த பிள்ளையிடம் ஓய்வு நேரத்தில் செய் என்று தள்ளுவதை மட்டும் நிறுத்துங்கள். அவருக்கு ஓய்வு நேரமும் இல்லை, பிழை வந்தால் பழி மட்டும் அவர் மேல்.

5. விலை கேட்கும் முறை

சொல் கணக்கா, பக்கக் கணக்கா என்பது முதல் கேள்வி. சொல் கணக்கு என்றால் மூலத்தின் சொல்லா, மொழிபெயர்ப்பின் சொல்லா? தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடுவதால், ஆங்கில மூலத்தைவிடத் தமிழில் சொல் எண்ணிக்கை குறைவாகவே வரும். இரண்டு பேர் ஒரே விலை சொன்னாலும் கணக்கு வேறாக இருக்கும். மூலத்தின் சொல்லையே கேளுங்கள், வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகை தெரிந்துவிடும்.

ஒரு கணக்குக்காக, சொல்லுக்கு 30 சென் என்று வைத்துக்கொள்வோம். 4,000 சொற்களுக்கு 1,200 ரிங்கிட். அதில் 1,000 சொற்கள் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை வரிகள் என்றால், அவற்றுக்குப் பாதி விலை பேசினால் 150 ரிங்கிட் குறையும். நீங்கள் கேட்காமல் பலர் இந்தத் தள்ளுபடியைச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பு நினைவகம் (முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைக்கும் கோப்பு) வைத்து வேலை செய்யும் மென்பொருள்கள் இந்த எண்ணிக்கையைத் தாமாகவே காட்டும், ஒமேகா-டி போன்றவை இலவசமாகவும் கிடைக்கின்றன.

விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டியவை: குறைந்தபட்சக் கட்டணம், அவசரக் கட்டணம், பக்க வடிவமைப்பு, எத்தனை முறை இலவசத் திருத்தம், அச்சுக்கு முந்திய சரிபார்ப்பு, நினைவகக் கோப்பை வேலை முடிந்ததும் நமக்குக் கொடுப்பார்களா என்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷம் வேறு ஆளிடம் போனால் அந்தக் கோப்பு இல்லாமல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

6. நாள் கணக்கு

ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 சொற்கள் செய்வார். அதைவிட அதிகம் என்று யாராவது சொன்னால் இயந்திரத்தில் போட்டு எடுக்கிறார் என்றே எண்ணுங்கள். 4,000 சொற்களுக்கு மொழிபெயர்ப்பு இரண்டு நாள், திருத்தம் ஒரு நாள், நம் ஆட்கள் படிக்க இரண்டு நாள், பக்க வடிவம் இரண்டு நாள், அச்சு மூன்று நாள் என்று வைத்தாலும் வேலை நாளாக இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. தணிக்கை தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு மேல் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஒட்டிய வாரங்களில் அச்சகமும் நடக்காது, ஆளும் கிடைக்காது. நேப்பாளி செய்பவர் தசைன் பண்டிகைச் சமயத்தில் ஊருக்குப் போயிருப்பார்.

7. எழுத்துரு, அச்சு: தமிழ் உடையும் இடம்

மொழிபெயர்ப்பு அருமையாக வந்து, அச்சில் நாசமாவது அடிக்கடி நடக்கிறது. எங்களுக்கு ஒரு தடவை பெரிய பலகையில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அது எப்படி நின்றாலும் ஓவியம்தான்.

இப்படிச் செய்யுங்கள். யூனிகோடில் மட்டுமே வாங்குங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடுக்குகிறவரிடம் "வேர்ல்ட்-ரெடி கம்போசர்" என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கொம்பும் துணையெழுத்தும் இடம் மாறும். முழு வேலைக்கு முன்னால் "கொக்கி, கையுறை, பொறுப்பு, நோய், ஸ்ரீ" என்ற வரியை மட்டும் அடுக்கி ஒரு பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். அது சரியாக வந்தால் மீதியும் பெரும்பாலும் சரியாக வரும். அச்சகத்துக்காரர் மறுபடி தட்டச்சு செய்யவே கூடாது, ஒட்ட மட்டும்தான் வேண்டும். வரி உடைவதையும் பாருங்கள்: நீளமான சொல்லை அவர்கள் இஷ்டத்துக்கு வெட்டினால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும்.

தமிழ்ச் சொல் நீளம் அதிகம். ஆங்கிலத்துக்கு அளந்து போட்ட கட்டத்தில் அடங்காது. அடங்க வைக்க எழுத்தைச் சின்னதாக்குவார்கள், கண்ணாடி போட்ட மூத்தவர்களும் படிக்க முடியாது. வடிவமைக்கும்போதே கட்டத்தைப் பெரிதாகப் போடச் சொல்லிவிடுங்கள். மியன்மார்த் தொழிலாளர்கள் இருந்தால் அந்த எழுத்திலும் ஸௌஜி என்ற பழைய முறைக்கும் யூனிகோடுக்கும் குழப்பம் உண்டு. யூனிகோடா என்று கேட்டு வாங்குங்கள்.

அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கும் கையெழுத்து, அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவரின் கையெழுத்தாக இருக்கட்டும்.

8. இயந்திர மொழிபெயர்ப்பை எங்கே நிறுத்துவது

கூகுள் மொழிபெயர்ப்பு தமிழுக்கு வந்தது 2011இல். அப்போதைக்கு இப்போது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. நமக்கு வரும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாக அறிய நானும் பயன்படுத்துகிறேன். மருந்து கலக்கும் அளவு, "செய்யக்கூடாது" என்ற வரிகள், சம்பளக் கழிவு, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் ஆகியவற்றை அதில் போட்டு அப்படியே ஒட்டாதீர்கள். வாக்கியம் சரளமாக இருக்கும், "கூடாது" மட்டும் விழுந்திருக்கும். சரளமாக இருப்பதாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தொழிலாளரின் கடப்பிதழ், மருத்துவ அறிக்கை போன்றவற்றை இலவசத் தளங்களில் ஒட்டவே வேண்டாம்.

இயந்திரத்தில் போட்டு ஆளை வைத்துத் திருத்துவதும் ஒரு முறைதான். அதற்கு ஐஎஸ்ஓ 18587 என்று தனித் தரநிலையே இருக்கிறது. விலை குறைவாக இருக்க வேண்டும், அப்படிச் செய்வதை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

9. படிக்கிறவரிடம் கொடுத்துப் பாருங்கள்

அச்சுக்கு முன்னால் மூன்று பேர் போதும்: மூத்தவர் ஒருவர், இளைஞர் ஒருவர், புதிதாக வந்தவர் ஒருவர். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "அண்ணே, மருந்து கையில பட்டுட்டா இந்தத் தாள்ல என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் தாளும் ஒத்துப்போகாவிட்டால் தாளைத் திருத்துங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமும் வாய்விளக்கமும்தான் வழி.

10. கோப்பும் புதுப்பித்தலும்

2025 பிப்ரவரி 1ஆம் தேதி, ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்த சின்ன முதலாளிகள் சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. ஒரே ஓர் எண். ஆனால் அது எந்தெந்தத் தாளில், எந்தெந்த மொழியில், எந்தெந்தப் பலகையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் மலாயில் புதியதும் வங்காளத்தில் பழையதுமாகத் தொங்கும். மாறக்கூடிய எண்களை (சம்பளம், தொலைபேசி எண், அபராதம்) கையேட்டின் உடலில் எழுதாமல் கடைசியில் ஒரே பக்கத்தில் போடுங்கள். மாறினால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம், மொழிபெயர்ப்பாளரைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்காது.

முதலாம் படியில் போட்ட எக்செல் தாளில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்: எங்கெங்கே ஒட்டியிருக்கிறது, பழையதை யார் எந்தத் தேதியில் கிழித்தார். புதியதை ஒட்ட எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், பழையதைக் கிழிக்க ஒருவருக்கும் இருக்காது. ஸ்டோர் கதவின் உள்பக்கத்தையும் லாரி ஷெட்டையும் மறக்காமல் பாருங்கள். மூலம், எல்லா மொழிகளின் வேர்ட் கோப்புகள், அச்சுக்குப் போன பிடிஎஃப், சொற்பட்டியல், நினைவகக் கோப்பு எல்லாவற்றையும் கம்பெனிக் கணக்கில் ஒரே அடைவில் வையுங்கள். தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் வைத்தால் அந்த ஆள் வேலையை விட்டுப் போகும்போது கோப்பும் கூடவே போய்விடும்.